தோட்டத்து ஐதரோஜெல் பைக்கற்: யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரில் அந்த 400 மடங்கு எவ்வளவாகிறது?

யாழ்ப்பாண நகரத்து விவசாய மருந்துக் கடைகளிலும் பூங்கன்று விற்கிற இடங்களிலும், சீனியைவிடச் சற்றுப் பருமனான வெள்ளைக் குறுணி ஒன்று பொலித்தீன் பைக்குள் நிறுத்து விற்கப்படுகிறது. ஐதரோஜெல், தண்ணீர்ப்பொடி, ஜெல் உரம் என்று கடைக்குக் கடை பெயர் மாறும். கடைசிப் பெயர் பிழையானது. இதில் உரம் எதுவும் இல்லை. பையோடு வரும் துண்டுத்தாளில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரே விஷயம்: ஒரு கிராம் குறுணி 400 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஆகவே இறைப்பு பாதியாகக் குறையும்.

அப்படியான ஒரு பையை வாங்கிப் பரிசோதித்தோம். தீர்ப்பை முதலே சொல்லிவிடுகிறோம். மாரியில் சேர்த்த மழைநீரோடு நாற்றுத் தட்டுக்கும் பூச்சாடிக்கும் பயன்படுத்த இது நல்ல சாமான், கொடுத்த காசுக்குப் பெறுமதி உண்டு. கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் வெங்காயப் பாத்திக்கும் மிளகாய்த் தோட்டத்துக்கும் வாங்கவேண்டாம். காரணம் குறுணியின் தரம் அல்ல. எங்கள் நிலத்துக்குக் கீழே இருந்து கிணற்று நீரில் கல்சியத்தைச் சேர்க்கும் சுண்ணாம்புக்கல்தான் காரணம்.

பைக்குள் இருப்பது பெரும்பாலும் குறுக்குப் பிணைப்புள்ள பொற்றாசியம் பொலிஅக்கிரிலேற்று. நீளமான பல்பகுதியச் சங்கிலிகள் இடைக்கிடை ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்ட ஒரு வலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலி முழுவதும் மறையேற்றமுள்ள காபொட்சிலேற்றுக் கூட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பொற்றாசியம் அயன். தண்ணீர் பட்டவுடன் பொற்றாசியம் அயன்கள் அவிழ்ந்து வலைக்குள்ளே மிதக்கும், ஆனால் ஏற்றச் சமநிலை அவற்றை வெளியே போகவிடாது. உள்ளே அயன் செறிவு கூட, வெளியே குறைவு. அந்த வித்தியாசத்தால் பிரசாரணம் மூலம் தண்ணீர் உள்ளே இழுபடுகிறது. வலை இனி நீளமுடியாத இடம்வரை வீங்குகிறது. வெளித் தண்ணீரில் உப்பு இருந்தால் அந்த வித்தியாசம் குறைந்துவிடும், வீக்கமும் குறையும். துண்டுத்தாளில் உள்ள 400 என்பது உப்பே இல்லாத காய்ச்சி வடித்த நீருக்கான எண். கிணற்றுக்கான எண் அல்ல.

சோடியம், பொற்றாசியம் உப்புகள் செய்வது இவ்வளவுதான். நல்ல தண்ணீர் கிடைத்தால் ஜெல் மீண்டும் வீங்கும். கல்சியம் செய்வது வேறு. இரண்டு ஏற்றமுள்ள கல்சியம் அயன் இரண்டு காபொட்சிலேற்றுக்களைச் சேர்த்துப் பிடித்துப் புதிய முடிச்சுப் போடுகிறது. வலை இறுகுகிறது. மழை பெய்தாலும் அந்த முடிச்சு இலேசில் அவிழாது. மகனீசியமும் இதையே செய்யும், பிடி சற்றுத் தளர்வு.

இனிக் கணக்கு. அக்கிரிலிக் அமிலத்தில் 75 வீதம் பொற்றாசியத்தால் நடுநிலையாக்கப்பட்ட ஜெல்லில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 7.5 மில்லிமூல் காபொட்சிலேற்று இருக்கும். கிணற்று நீரின் மொத்த வன்மை, அதாவது அதில் கரைந்துள்ள கல்சியமும் மகனீசியமும், கல்சியம் காபனேற்றாகக் கணித்து, லீற்றருக்கு 300 மில்லிகிராம் என்று எடுங்கள். அது லீற்றருக்கு 3 மில்லிமூல் இருவலு (இரண்டு ஏற்றமுள்ள) அயன். ஏற்றமாகப் பார்த்தால் 6. ஆகவே ஒன்றேகால் லீற்றர் கிணற்று நீரில் வரும் கல்சியமும் மகனீசியமும், ஒரு கிராம் ஜெல்லின் அத்தனை இருக்கைகளையும் நிரப்பப் போதும். ஒரு பூச்சாடிக்கு ஒன்றேகால் லீற்றர் தண்ணீர் என்பது எத்தனை நாள் இறைப்பு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். உள்ளே வரும் கல்சியம் எல்லாம் ஜெல்லில் பிடிபடாது, ஒரு பகுதி வடிந்து போகும். ஆனாலும் பல மாதம் தாங்கும் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. உங்கள் கிணற்றுக்கு நீர்ப் பரிசோதனை அறிக்கை இருந்தால், அதில் மொத்த வன்மை என்ற வரியைப் பார்த்து இதே கணக்கைப் போடலாம். அறிக்கை இல்லாதவர்களுக்குக் கேத்தலின் அடியில் படிந்திருக்கும் வெள்ளைப் படை போதிய சாட்சி.

பரிசோதித்த முறை

எவரும் வீட்டில் செய்யக்கூடியதாகச் சொல்கிறோம். வாங்கும் ஒவ்வொரு பைக்கும் இதைச் செய்யவேண்டும், ஏனென்றால் ஒரே கடையில் வாங்கும் அடுத்த பை வேறு சரக்காக இருக்கலாம்.

ஆய்வுகூடத்தில் வழமையாகச் செய்வது தேயிலைப் பை முறை. 0.2 கிராம் குறுணியை நிறுத்து ஒரு வெறும் தேயிலைப் பைக்குள் போட்டு வாயை ஒட்டி, ஒரு லீற்றர் நீரில் தொங்கவிட வேண்டும். எடுத்துக் கால் மணித்தியாலம் வடியவிட்டு நிறுக்க வேண்டும். அதே நேரம் வெறும் பை ஒன்றையும் நனைத்து வடியவிட்டு நிறுத்து, அந்த நிறையைக் கழிக்க வேண்டும். அதிலிருந்து உலர்ந்த குறுணியின் நிறையையும் கழித்து, மீதியை உலர்ந்த நிறையால் வகுத்தால் வீக்க மடங்கு கிடைக்கும்.

இதில் பிழைக்கும் இடங்கள் பல. மிக முக்கியமானது பையின் அளவு. 0.2 கிராம் குறுணி மழைநீரில் 60 கிராம் வரை வரலாம். சிறிய தேயிலைப் பை அதற்குள் இறுகிவிடும், பிறகு நீங்கள் அளப்பது பையின் கொள்ளளவைத்தான். மழைநீருக்கு 0.1 கிராம் போதும். அடுத்தது நேரம். மாவு போன்ற தூள் அரை மணித்தியாலத்தில் முழுதாக வீங்கும், ஆனால் 2, 3 மில்லிமீற்றர்க் குறுணியின் நடுப்பகுதிக்குத் தண்ணீர் போய்ச்சேர மணித்தியாலங்கள் எடுக்கும். இரவு முழுவதும் விடுவதே நல்லது. மூன்றாவது தராசு. நகை நிறுக்கும் சிறிய தராசு 0.01 கிராம் வரை காட்டும், 0.2 கிராமில் அது 5 வீதப் பிழை. அந்தத் தராசுதான் கையில் உண்டென்றால் தேயிலைப் பையை விட்டுவிட்டு, ஒரு கிராம் குறுணியை வாளியில் ஊறவைத்து, நுளம்பு வலைத் துணியில் ஊற்றி வடியவிட்டு நிறுங்கள். வலையை ஈரமாக நிறுத்துக் கழிக்க மறக்கவேண்டாம்.

மாரி காலத்தில் இன்னொன்று கவனிக்கவேண்டும். திறந்த பையிலிருக்கும் குறுணி காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்து நிறை கூடிவிடும். நிறுக்குமுன் 105 பாகை செல்சியஸில் மூன்று மணித்தியாலம் உலர்த்துவது முறை. அந்த வசதி இல்லையென்றால் புதிதாகத் திறந்த பையிலிருந்து எடுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய பொறி தண்ணீரின் அளவு. மழைநீரில் ஒரு லீற்றர் எடுத்தாலும் ஐந்து லீற்றர் எடுத்தாலும் விடை ஒன்றுதான். வன்னீரில் அப்படியல்ல. குறுணிக்குக் கொஞ்சத் தண்ணீர் மட்டும் கொடுத்தால் அதிலுள்ள கல்சியம் சீக்கிரம் முடிந்துவிடும், ஜெல் நன்றாக வீங்கியதாகத் தெரியும். கடைக்காரர் ஒரு கிளாசில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் காட்டும் வித்தை இதனால்தான் எடுபடுகிறது. நிறையத் தண்ணீர் கொடுத்தால், முதலில் வீங்கி உச்சத்துக்குப் போய், பிறகு கல்சியம் உள்ளே போகப் போகச் சுருங்கும். ஆகவே கிணற்று நீருக்கு ஒரு தடவை அளப்பது பிரயோசனமில்லை. ஒரு கிராமுக்கு 500 மில்லிலீற்றர் என்று வைத்து ஊறவைத்து நிறுத்து, அந்த நீரை ஊற்றிவிட்டுப் புதிதாக 500 மில்லிலீற்றர் விட்டு மறுபடி நிறுத்து, நிறை இனிக் குறையாத வரை தொடரவேண்டும்.

இந்தப் பைக்குக் கிடைத்தவை, கிட்டத்தட்டவான எண்களாக: காய்ச்சி வடித்த நீரில் 300 மடங்கை அண்டியது, 400 என்பது கொஞ்சம் மிகைதான், ஆனால் பொய்யென்று தள்ளவும் முடியாது. பீலி வழியாகப் பிளாஸ்ரிக் தாங்கியில் பிடித்த மழைநீரில் 250 அளவு. கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டக் கிணற்று நீரில் முதல் ஊறலில் 120 அளவு. புதுத் தண்ணீர் மாற்ற மாற்ற இறங்கி 30 ஐயும் விடக் கீழே போயிற்று. தீவகத்து உவர்க் கிணற்று நீரில் முதல் ஊறலே 50 க்குக் கீழே.

இறங்கும் விதமும் கவனிக்கத்தக்கது. ஒரே சீராகக் குறைவதில்லை. கொஞ்ச நேரம் தெளிந்த கண்ணாடிபோல இருக்கும். ஒரு எல்லையைத் தாண்டியதும் மேற்பரப்பு வெண்மையாகி, இறப்பர்போல விறைத்து, நடுவிலிருந்த தண்ணீரை வெளியே தள்ளிவிடும். அயன் ஜெல்கள் சூழலின் சிறு மாற்றத்துக்குச் சடுதியாகச் சுருங்கிவிழும் இந்த இயல்பைப் பற்றிய ஆய்வு பழையது. பௌதிகவியலாளர் ரொயோயிச்சி தனக்கா 1978 இல் பொலிஅக்கிரிலமைட்டு ஜெல்லைச் சுற்றியிருந்த அசற்றோன்–நீர்க் கலவையின் விகிதத்தைச் சற்று மாற்றியே இந்தச் சடுதிச் சுருக்கத்தைக் காட்டினார். தோட்டத்தில் அதே காரியத்தைக் கிணற்று வாளி செய்கிறது.

சுருங்கிய குறுணி கெட்டுப்போய்விட்டதா, கல்சியம் பிடித்ததா என்று அறிய ஒரு வழி உண்டு. ஒரு வீதத் திரிசோடியம் சித்திரேற்றுக் கரைசலில் சில மணித்தியாலம் வைத்து, பிறகு மழைநீரில் இரண்டு மூன்று தரம் கழுவுங்கள். சித்திரேற்று கல்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். வலை உடையாமல் இருந்தால் ஜெல் மீண்டும் வீங்கும். இந்தப் பைக் குறுணி நன்றாகவே வீங்கி எழுந்தது. அதாவது சரக்குக் குறைபாடு இல்லை. தோட்டத்து மண்ணுக்குள் சித்திரேற்று ஊற்றுவது ஒரு வழியல்ல, செலவும் கட்டாது, சோடியமும் சேரும்.

மண்ணின் பாரம்

துண்டுத்தாள் சொல்லாத இன்னொரு விஷயம். வாளிக்குள் குறுணிக்கு மேலே பாரம் இல்லை. மண்ணுக்குள் 15 சதமமீற்றர் ஆழத்தில் மேலேயுள்ள மண் ஏறக்குறைய 2.3 கிலோபஸ்கால் அழுத்தம் கொடுக்கும். இதையும் வீட்டில் அளக்கலாம். 60 மில்லிலீற்றர்ச் சிறிஞ்சின் முனையை வெட்டி, அடியில் நைலோன் வலை ஒட்டி, உள்ளே 0.1 கிராம் குறுணி போட்டு, மேலே உலக்கையை வைத்து, உலக்கை உட்பட மொத்தம் 135 கிராம் வரும்படி பாரம் ஏற்றி, ஆழமில்லாத தட்டில் மழைநீருக்குள் நிறுத்துங்கள். உலக்கையின் இறப்பரைக் கழற்றி, உரசாமல் வழுகும்படி சற்றுச் சிறிய வட்டத் தகடு ஒன்றைப் பொருத்தவேண்டும். இல்லாவிட்டால் சிறிஞ்சின் உராய்வைத்தான் அளப்பீர்கள்.

இந்தச் சோதனையில் பைக்குப் பைக்குள்ள வேறுபாடு உடனே தெரியும். குறுக்குப் பிணைப்புக் குறைந்த ஜெல் வாளியில் பெரிய எண் காட்டும், பாரத்தின் கீழே நசிந்து கூழாகும். பிணைப்புக் கூடியது வாளியில் 150 மட்டும் காட்டினாலும் மண்ணுக்குள் வடிவம் குலையாமல் நிற்கும். எங்களுக்கு வேண்டியது இரண்டாவது. பெரிய எண்ணைத் தேடி வாங்குபவர் மோசமான சரக்கைத் தேடி வாங்குகிறார். பாரச் சோதனைக்கு நேரமில்லாதவர் விரலால் பார்க்கலாம். மழைநீரில் ஊறிய குறுணியை விரலிடுக்கில் அமுக்கினால் துண்டு துண்டாக உடையவேண்டும், விளிம்பு தெரியவேண்டும். சளிபோல இழுபட்டால் பிணைக்கப்படாத சங்கிலிகள் நிறையக் கரைந்து வருகின்றன. இந்தப் பை இந்த இடத்தில் நடுத்தரம்: பெரிய குறுணிகள் திடமானவை, பையின் அடியில் சேர்ந்த தூள் சளி. தூளைச் சலித்து எறிந்துவிட்டால் நல்லது.

சோடியமா, பொற்றாசியமா?

குழந்தைகளுக்குக் கட்டும் நப்பிக்குள் இருப்பதும் பொலிஅக்கிரிலேற்றுத்தான், ஆனால் சோடியம் வகை. தூளாக இருக்கும், விலை குறைவு, தோட்டத்துக்கு ஆகாது. கல்சியம் உள்ளே போகும்போது வெளியே வருவது சோடியம். ஏற்கனவே உவர் ஏறும் மண்ணுக்கு இன்னும் சோடியம் கொடுக்கிறோம். பொற்றாசியம் வகையில் வெளியே வருவது பயிருக்கு வேண்டிய சத்து. இரண்டையும் கண்ணால் பிரிக்கமுடியாது. சுவாலைச் சோதனை செய்யுங்கள். குறுணியை ஒரு பழைய கரண்டியில் வெளியிடத்தில் கருக்கி, சாம்பலை ஈரமான உருக்குக் கம்பி நுனியில் எடுத்து நீலச் சுவாலையில் பிடித்தால், சோடியம் கடும் மஞ்சள் காட்டும். பொற்றாசியத்தின் ஊதா மங்கலானது, சிறு சோடியக் கலப்பும் அதை மறைத்துவிடும். ஆகவே கோபாற்றுநீலக் கண்ணாடி ஊடாகப் பாருங்கள். பாடசாலை இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் அந்தக் கண்ணாடி இருக்கும். இந்தப் பை பொற்றாசியந்தான்.

மூன்றாவது வகையும் கடைகளில் உண்டு: அக்கிரிலமைட்டும் பொற்றாசியம் அக்கிரிலேற்றும் சேர்ந்த இணைப் பல்பகுதியம். அமைட்டுக் கூட்டத்துக்கு ஏற்றம் இல்லை, கல்சியம் அதைப் பிடிக்காது. ஆதலால் காய்ச்சி வடித்த நீரில் எண் சிறிதானாலும் வன்னீரில் வீழ்ச்சி குறைவு. யாழ்ப்பாணத்துக்கு வாங்கவேண்டுமானால் நாங்கள் முன்வைப்பது இதைத்தான், ஒரு நிபந்தனையோடு: சங்கிலியில் சேராமல் மீந்த அக்கிரிலமைட்டு ஒருபகுதியத்தின் அளவைத் தயாரிப்பாளர் எழுதித் தந்திருக்கவேண்டும். அந்த ஒருபகுதியம் நரம்புக்கு நஞ்சு. அது எழுதாத பையைக் காய்கறிக்குப் போடாதீர்கள். எந்த வகை என்று அறிய, குறுணியைச் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் சூடாக்கி வாயில் ஈரமான சிவப்புப் பாசிச்சாயத்தாளைப் பிடியுங்கள். அமோனியா வந்து தாள் நீலமானால் அமைட்டு வகை. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

நிறம் நிறமான உருண்டைகள் விற்கிறார்களே, அவை அலங்காரச் சாமான். வாங்கவே வேண்டாம். சின்னப்பிள்ளை விழுங்கினால் குடலுக்குள் வீங்கி அடைத்துவிடும்; சத்திரசிகிச்சை வரை போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன.

எங்கே, எவ்வளவு?

இந்தியக் காணொளிகளில் ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ என்று சொல்வதைக் கேட்டுப் பலர் வாங்குகிறார்கள். இரண்டு கிலோ ஜெல் 100 மடங்கு பிடித்தால் 200 லீற்றர். ஒரு ஏக்கரில் அதைப் பரப்பினால் 0.05 மில்லிமீற்றர் ஆழம். 400 மடங்கென்றே நம்பினாலும் 0.2 மில்லிமீற்றர். கோடையில் ஒரு நாளில் 5 மில்லிமீற்றர் ஆவியாகப் போனால் அது ஏக்கருக்கு 20,000 லீற்றர். பரப்புக்கணக்கில் பார்த்தால் (ஏக்கருக்கு 16 பரப்பு), ஒரு பரப்புக்கு 125 கிராம் ஜெல், 12.5 லீற்றர் தண்ணீர், ஒரு வாளி. வேரடியில் வரிசையாகப் போடுவதால் கொஞ்சம் கூடப் பயன் வரலாம், ஆனால் இறைப்பு பாதியாகும் என்ற பேச்சை இந்த எண்கள் தாங்காது.

நாற்றுத் தட்டில் நிலைமை வேறு. அங்கே மண் கொஞ்சம், வேர் முழுவதும் அதற்குள், காலையில் விட்ட தண்ணீர் மத்தியானத்தில் காய்ந்துவிடும். ஒரு லீற்றர் கலவைக்கு 1 முதல் 2 கிராம் குறுணி போதும். கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுக்கு இந்த அளவு நன்றாக வேலை செய்கிறது. குறுணியை முதலில் மழைநீரில், கிராமுக்கு 150 மில்லிலீற்றர் வீதம், இரவு ஊறவைத்து, பிறகு தும்புத்தூளோடும் எருவோடும் கலவுங்கள். உலர்ந்தபடி கலந்தால் பிறகு வீங்கி நாற்றையே மேலே தள்ளும். லீற்றருக்கு 5 கிராம் போட்டால் கலவை பொங்கி, காற்று இடைவெளி அடைபட்டு, தண்டடி அழுகல் வரும். கூடப்போட்டால் கூட நன்மை என்ற கணக்கு இங்கே இல்லை.

தும்புத்தூளைக் கழுவாமல் சேர்க்கவேண்டாம். அதில் சோடியம், பொற்றாசியம் உப்புகள் நிறைய, ஜெல்லை அவை அமுக்கிவிடும். மழைநீரில் இரண்டு தரம் ஊறவைத்துப் பிழிந்தால் போதும். தும்புத்தூள் தன் நிறையைப்போல ஏழெட்டு மடங்கு தண்ணீரைத் தானே பிடிக்கும், கல்சியத்துக்கும் அது பயப்படாது. மழைநீர் வசதி இல்லாத வீட்டில் ஜெல்லுக்குச் செலவழிக்கும் காசைத் தும்புத்தூளுக்குக் கொடுப்பது புத்தி.

சீமெந்துத் தாங்கியில் நெடுநாள் நின்ற மழைநீரையும் நம்பவேண்டாம். சுவரிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வரும், புதுத் தாங்கியென்றால் இன்னும் மோசம். மழைநீர் இல்லாதபோது நாற்றுத் தட்டுக்கு மட்டும் ஒரு வழி: கிணற்று நீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தெளிந்த மேல்நீரை வடித்தெடுப்பது. எங்கள் நிலத்து வன்மையில் பெரும்பங்கு இருகாபனேற்றாக இருப்பதால் கொதிக்கும்போது சுண்ணாம்பாக அடியில் படிந்துவிடும். தீவகத்து உவர்நீருக்கு இது உதவாது.

உரத்தில் யூரியாவுக்கு ஏற்றம் இல்லை. ஒரு வீதக் கரைசலிலும் வீக்கம் குறிப்பிடும்படி குறையாது. எம்.ஓ.பி. (பொற்றாசியம் குளோரைட்டு), அமோனியம் சல்பேற்று இரண்டும் அயனாகக் கரைவதால் 0.1 வீதத்திலேயே வீக்கத்தைப் பாதியைவிடக் குறைத்துவிடும், ஆனால் நல்ல நீர் விட்டால் மீளும். ரி.எஸ்.பி. (முச்சுப்பர்பொசுபேற்று) கல்சியத்தோடு வருகிறது, அதை ஜெல் கலந்த தட்டுக்குப் போடவேண்டாம்.

கறுத்தக்கொழும்பான் மாங்கன்றுக்கோ தென்னம்பிள்ளைக்கோ குழிக்கு 20 முதல் 30 கிராம், ஊறவைத்து, ஐப்பசி கார்த்திகை மழையோடு நட்டால் முதல் மாதங்களில் பயன் உண்டு. பங்குனியில் கிணற்றுத் தண்ணீர் விடத் தொடங்கிய பிறகு ஜெல்லைக் கணக்கில் எடுக்காமல் வழமைபோல இறையுங்கள்.

செய்துபார்க்க விரும்பும் மாணவருக்கு

இந்த ஜெல்லை வீட்டில் செய்யமுடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது, செய்யவும் கூடாது. அக்கிரிலிக் அமிலம் தோலை அரிக்கும், ஆவி நுரையீரலைத் தாக்கும். ஆவி உறிஞ்சும் அலுமாரியும் மேற்பார்வையும் உள்ள பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இறுதியாண்டுச் செயற்றிட்டமாகச் செய்ய நல்ல விஷயம். ஆரம்ப அளவு இது: அக்கிரிலிக் அமிலம் 10 கிராம், 85 வீதத் தூய்மையுள்ள பொற்றாசியம் ஐதரொட்சைட்டு 6.9 கிராம், 23 மில்லிலீற்றர் நீரில் கரைத்து, பனிக்கட்டித் தொட்டியில் வைத்த அமிலத்துக்குள் துளித்துளியாக. பிணைப்பானாக மெதிலீன்பிஸ்அக்கிரிலமைட்டு 20 மில்லிகிராம். நைதரசன் வாயுவை 20 நிமிடம் குமிழியிடவிட்டு, 50 மில்லிகிராம் பொற்றாசியம் பெர்சல்பேற்றை 2 மில்லிலீற்றர் நீரில் கரைத்துச் சேர்த்து, மெல்லிய சோதனைக் குழாய்களில் பங்கிட்டு, 60 முதல் 65 பாகை நீர்த்தொட்டியில் வையுங்கள். அகன்ற முகவையில் மொத்தமாக வைத்தால் தாக்கவெப்பம் வெளியேற வழியில்லாமல் கொதித்து, பஞ்சுபோன்ற ஓட்டை ஜெல் வரும். இறுகியபின் இரண்டு மூன்று மணித்தியாலம் அதே வெப்பநிலையில் விட்டு, சிறு கட்டியாக வெட்டி, எதனோலில் பலதரம் கழுவி, 60 பாகையில் உலர்த்தவேண்டும்.

இறுகவில்லையென்றால் முதல் சந்தேகம் ஒட்சிசன். இரண்டாவது, மாரி ஈரம் ஏறிய பழைய பெர்சல்பேற்று. அமிலப் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கவேண்டாம். அது 13 பாகையளவில் உறையும். உறைந்ததை உருக்கும்போது நிரோதி (தானாகப் பல்பகுதியமாவதைத் தடுக்கச் சேர்த்த பொருள்) ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்க, மற்றப் பகுதி கட்டுப்பாடின்றிப் பல்பகுதியமாகித் தீ விபத்து வரக்கூடும். பிணைப்பானை 10, 20, 50 மில்லிகிராம் என்று மாற்றி, மேலே சொன்ன பாரச் சோதனையைச் சேர்த்துச் செய்தால் நல்ல வரைபு கிடைக்கும். அதே கட்டிகளில் தேசிக்காய்ப் புளி விட்டால் சுருங்குவதைக் காணலாம், பி.எச். 4.5 க்குக் கீழே காபொட்சிலேற்று அமிலமாகி ஏற்றத்தை இழக்கிறது.

வெப்பத்துக்குச் சுருங்கும் பொலி என்-ஐசோபுரோப்பைல்அக்கிரிலமைட்டு ஜெல்லையும் செய்பவர்கள், அதன் மாறுவெப்பநிலை 32 பாகையளவு என்பதை மறக்கவேண்டாம். யாழ்ப்பாணத்துக் கோடை மத்தியானத்தில் குளிரூட்டி இல்லாத அறையில் மேசையிலேயே வெண்மையாகிச் சுருங்கிவிடும். அறைவெப்பநிலை அளவு என்று எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் வெப்பமானி வாசிப்பையும் எழுதுங்கள். அளவீட்டை நீர்த்தொட்டிக்குள்ளேயே செய்யுங்கள்.

விற்பவர்களிடம் கேட்கவேண்டியவை: எந்தப் பல்பகுதியம், எந்த அயன், மீதி ஒருபகுதியம் எவ்வளவு, 0.9 வீத உப்பு நீரில் எத்தனை மடங்கு. கடைசி எண் தயாரிப்பாளரிடம் கட்டாயம் இருக்கும், ஏனென்றால் இந்தத் தொழிலில் எல்லோரும் அளப்பது அதைத்தான். பொலிஅக்கிரிலேற்றுக்கு 30 முதல் 60 வரை இருக்கும். கல்சியத்தால் வரும் இழப்பை அது காட்டாது, ஆனாலும் 400 ஐவிட எங்கள் கிணற்றுக்கு மிகக் கிட்டிய எண். இந்தப் பையை விற்ற கடையில் இந்த நான்கில் ஒன்றுக்கும் விடை இல்லை, உற்பத்தித் திகதியும் தொகுதி இலக்கமும் பையில் இல்லை. அதற்காகத்தான் நாங்கள் முழுப் புள்ளி கொடுக்கவில்லை.

திறந்த பையின் வாயை இறுகக் கட்டி, மூடி இறுகும் போத்தலுக்குள் இருட்டில் வையுங்கள். வெயிலின் ஊதாக்கடந்த கதிர் சங்கிலியை அறுக்கும். கீழே சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவப்போகாதீர்கள், தரை வழுக்கி விழவைக்கும். உலர்ந்தபடி கூட்டி அள்ளி, மீதியில் கல்லுப்பைத் தூவிச் சுருங்கவிட்டுத் துடையுங்கள். அடுத்த போகத்துக்குத் தட்டுக் கலவையை மறுபடி பயன்படுத்துமுன் நாலைந்து குறுணியைத் தேடியெடுத்து மழைநீரில் இரவு ஊறவையுங்கள். காலையில் தெளிந்து பெருத்திருந்தால் கலவை இன்னும் உதவும். வெண்மையாக விறைத்திருந்தால் புதிதாக லீற்றருக்கு ஒரு கிராம் சேர்க்கவேண்டும்.